கிணத்துல நீந்தத் தெரியும், 41 வயசு, முட்டி வலி. பப்ளிக் பூல்ல லேப் அடிக்க ஆரம்பிக்கலாமா?

தாராளமா ஆரம்பிக்கலாம். "சின்ன வயசுல கிணத்துல நல்லா நீந்துவேன், ஆனா பூல்ல பாதி தூரம் போறதுக்குள்ள மூச்சு முட்டுது, அப்ப எனக்கு ஸ்டாமினா சுத்தமா இல்லையா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரியப் படிச்சதும்தான் பதில் எழுதியே ஆகணும்னு உக்காந்தேன். ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நானும் அதே இடத்துல அதையே நெனச்சுக்கிட்டு நின்னேன்.

எனக்கு இப்ப 44. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எங்களுது, தோட்டத்துக் கிணத்துல தாத்தா முதுகுல சுரைக்குடுக்கை கட்டி இறக்கி விட்டு கத்துக் குடுத்தார். 1994ல குற்றாலீஸ்வரன்ங்கற தமிழ்நாட்டு நீச்சல் பையன் பாக் நீரிணைய நீந்தி, இங்கிலீஷ் கால்வாயையும் நீந்தி, அந்த ஒரே வருஷத்துல ஆறு கால்வாய் நீந்தி மிகிர் சென்ங்கற பழைய நீச்சல் வீரரோட அஞ்சு கால்வாய் சாதனைய முறியடிச்சப்ப, பேப்பர்ல வந்த போட்டோவ தாத்தா எனக்குக் காட்டி "பாரு, உன் வயசுப் பையன்"னு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால எனக்கு நீச்சல் தெரியும்ங்கற நம்பிக்கை ரொம்பவே இருந்துச்சு. 41 வயசுல பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதும் டாக்டர் தினமும் உடம்புக்கு வேலை குடுங்கன்னார், சரி நமக்குத் தெரிஞ்சதையே செய்வோம்னு வேளச்சேரி நீச்சல் குளத்துல சேந்தேன். 1995ல சென்னைல தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தப்ப கட்டுன குளம் அது, முழு 50 மீட்டர். முதல் நாள் 20 மீட்டர் தாண்டல, கயித்தப் பிடிச்சுத் தொங்கிட்டேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்னே சொல்லலாம்.

விஷயம் என்னன்னா கிணத்துல நாம யாரும் தூரம் போனதே இல்ல. மேல இருந்து குதிப்போம், ஒரு சுத்து வருவோம், படியவோ மோட்டார் பைப்பையோ பிடிச்சுக்குவோம், திரும்ப ஏறிக் குதிப்போம். அங்க மூழ்காம இருக்கறதுதான் நீச்சல், அதனால தலைய மேலயே தூக்கி வச்சுக்கிட்டுப் பழகிட்டோம். தலை மேல வந்தா இடுப்பும் காலும் கீழ போயிடும், உடம்பு சாய்வா நின்னு தண்ணியத் தள்ளிக்கிட்டே போகுது. தண்ணி காத்த விட சுமார் 800 மடங்கு அடர்த்தி, அதுல இப்படிக் குறுக்க நின்னு முன்னால போகணும்னா எவ்ளோ பலம் இருந்தாலும் தீந்துடும். நம்ம ஸ்டாமினாவ விட இதுதான் பெரிய காரணம்.

அதவிடப் பெருசு மூச்சு. பூல்ல கோச்சா இருக்கற தம்பி ஒருத்தர் நாலு நாள் என்னைப் பாத்துட்டு வந்து சொன்னார், "அக்கா நீங்க மூச்சு இழுக்கறீங்க, விடவே மாட்டேங்கறீங்க"ன்னு. கிணத்துல முங்கும்போது மூச்ச அடக்கித்தானே பழக்கம், அதையே பூல்லயும் செஞ்சுக்கிட்டு இருந்தேன். உள்ள கார்பன் டை ஆக்ஸைடு சேரச் சேரத்தான் மூச்சு முட்டுற மாதிரி பயம் வருது, பழைய காத்து வெளிய போகாம புதுசுக்கு எடம் ஏது. முகம் தண்ணிக்குள்ள இருக்கற நேரம் பூரா மூக்கு வழியா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும், அப்பறம் தலைய ஒரு பக்கமாத் திருப்புனா காத்து தானா உள்ள வரும். அவர் சொல்லிக் குடுத்த வழி, தண்ணிக்குள்ள "ம்ம்ம்"னு சத்தம் வர்ற மாதிரி முனகறது. முனகிக்கிட்டே மூச்ச அடக்க முடியாது, செஞ்சு பாருங்க. ஒரு வாரம் நான் நீந்தவே இல்ல, ஆழம் கம்மியான பக்கம் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு முகத்த உள்ள விட்டு முனகறது, திரும்பி இழுக்கறது, இது மட்டும்தான். பக்கத்துல சின்னப் புள்ளைங்க எல்லாம் லேப் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, பரவால்ல. எட்டாவது நாள் 50 மீட்டர் நிக்காம போயிட்டேன்.

பார்வைய தரைல இருக்கற கறுப்புக் கோட்டு மேல வச்சுக்கங்க, முன்னாடி பாக்காதீங்க, கழுத்து நேரா இருந்தா கால் தானா மேல வரும். கோடு முடியற எடத்துல குறுக்க ஒரு கோடு போட்டு T மாதிரி இருக்கும், அது வந்துடுச்சுன்னா சுவரு கிட்டன்னு அர்த்தம்.

இப்ப உங்க முட்டி. டாக்டர் நீச்சல் போங்கன்னு சொன்னது சரியான யோசனைதான், இடுப்பளவு தண்ணில நின்னாலே கிட்டத்தட்ட பாதி எடைதான் காலுக்கு வரும், நெஞ்சளவுன்னா இன்னும் கம்மி. ஆனா எந்த நீச்சல்னு அவர் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ல கிணத்துல பழகுனவங்க நெறைய பேர் தவளை மாதிரி கால அகட்டி உதைப்போம், பூல்ல அதத்தான் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்னு சொல்றாங்க. தலை வெளிய இருக்கறதால அது சுலபமாத் தோணும். ஆனா அந்த உதைல முட்டிய மடக்கி வெளிப்பக்கமாத் திருகித் தள்றோம், முட்டியோட உள்பக்கத் தசைநார்ல பாரம் விழும். அந்த நீச்சல்காரங்களுக்கு வர்ற முட்டி வலிக்குத் தனிப் பேரே இருக்குன்னா பாத்துக்கங்க. என் கூட வர்ற ஒரு அக்கா ரெண்டு மாசம் அதையே அடிச்சு வலி ஜாஸ்தியாகி நீச்சலே வேண்டாம்னு போற நிலைமைக்கு வந்துட்டாங்க, அப்பறம் ப்ரீஸ்டைலுக்கு, அதாவது குப்புறப் படுத்து கைய மாத்தி மாத்திப் போட்டு நீந்தறதுக்கு, மாத்திக்கிட்டாங்க, இப்ப நல்லா இருக்காங்க. அதனால நீங்க ப்ரீஸ்டைல், இல்லைன்னா மல்லாக்க நீந்தறது, ரெண்டுல ஒண்ணுல ஆரம்பிங்க. உதை இடுப்புல இருந்து வரணும், முட்டி கொஞ்சமா தளர்வா இருந்தாப் போதும், சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கக் கூடாது. அப்பவும் வலிச்சா தொடைக்கு நடுவுல வைக்கற போம் கட்டை ஒண்ணு இருக்கு, புல் பாய்னு கேளுங்க, அத வச்சா கால் மிதக்கும், கை மட்டும் வேலை செய்யும். சுவத்த உதைச்சுத் திரும்பறதையும் கொஞ்ச நாள் மெதுவா செய்ங்க. நீந்தி முடிச்சப்பறம் முட்டி வீங்குச்சுன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க, தாங்கிக்கிட்டு அடிக்காதீங்க.

எவ்ளோ அடிக்கணும்னு கேட்டீங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு சொல்லுது, ஒரு நாளைக்கு 40 நிமிஷம்னு நாலு நாள் போனா அது வந்துடும். ஆனா அந்த 40 நிமிஷமும் நிக்காம அடிக்கணும்னு இல்ல. நான் முதல் மாசம் ஒரு 50 மீட்டர் போவேன், நின்னு பதினஞ்சு இருபது மூச்சு எண்ணுவேன், திரும்பப் போவேன், அவ்ளோதான். மூணாவது மாசம் 50 மீட்டர் எட்டு தடவை. ஆறு மாசத்துல 20 தடவை, அதாவது ஒரு கிலோமீட்டர், நடுவுல நின்னு நின்னுதான். நிக்கிற நேரத்த மட்டும் வாராவாரம் கொஞ்சம் குறைச்சுக்கிட்டே வாங்க, தூரம் தானா கூடும். இன்னொண்ணு, லேப்னா சிலர் ஒரு பக்கம் போறத சொல்லுவாங்க சிலர் போயிட்டு வர்றத சொல்லுவாங்க, அடுத்தவங்க சொல்ற கணக்கோட உங்களுத ஒப்பிட்டுக் குழம்பாதீங்க, மீட்டர்ல எழுதி வைங்க.

எடை விஷயத்துல உள்ளத உள்ளபடி சொல்றேன். முதல் மூணு மாசம் எனக்கு அரைக் கிலோ கூட இறங்கல. நீந்திட்டு வந்தா பசி வயித்தக் கிள்ளும், குளிர்ந்த தண்ணில இருந்து வந்தா இன்னும் ஜாஸ்தி, நடந்துட்டு வந்தா இந்தப் பசி வராது. வழக்கமா நாலு இட்லி சாப்பிடற நான் ஏழு சாப்பிட்டேன், கூட ஒரு கப் பொங்கல். அதக் கவனிச்சு, போறதுக்கு முன்ன ஒரு வாழைப்பழம், வந்ததும் சுண்டலோ முட்டையோன்னு மாத்துனப்பறம்தான் மொத வருஷ முடிவுல நாலு கிலோ கொறஞ்சுது. ஆனா எடை இறங்கறதுக்கு முன்னாடியே காலைல படுக்கைல பாக்கற நாடித்துடிப்பு 84ல இருந்து 70க்கு வந்துடுச்சு, மூணு மாடி ஏறுனா மூச்சு வாங்கறது நின்னுடுச்சு, தூக்கம் அப்படி ஒரு தூக்கம். நீங்க தராசையே பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டாவது மாசமே விட்டுடுவீங்க, அதுக்காகத்தான் இதச் சொல்றேன். கூடவே வாரத்துல ரெண்டு நாள் முட்டிக்கு ஒத்துக்கற அளவுக்கு நடையோ வெயிட்டோ வச்சுக்கங்க. தண்ணி நம்ம எடைய தாங்கிக்கறதால எலும்புக்கு நீச்சல்ல பெரிய வேலை கிடைக்கறதில்ல, நாப்பது தாண்டுனவங்களுக்கு அது முக்கியம்.

டிரெஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா பெண்கள் யாராவது இதப் படிப்பீங்க. நான் ஒரு வருஷம் தள்ளிப் போட்டதே இதனாலதான். நீளக் கை, கணுக்கால் வரைக்கும் பேன்ட் வச்ச நீச்சல் உடை நல்லா கிடைக்குது, நெறைய பேர் அதத்தான் போட்டுட்டு வர்றாங்க, யாரும் யாரையும் பாக்கறதில்ல. துணி நைலானாவோ பாலியெஸ்டராவோ இருக்கணும், காட்டன் விட மாட்டாங்க, அது தண்ணி குடிச்சு கனமாகும், நூல் பிரிஞ்சு பில்டர்லயும் போய் அடைக்கும். முடிக்கு, பூல்ல இறங்கறதுக்கு முன்ன நல்ல தண்ணில தலைய முழுசா நனைச்சுட்டுத் தொப்பி போடுங்க, ஏற்கெனவே நனைஞ்ச முடி குளோரின் தண்ணிய அவ்ளோ இழுக்காது.

குளோரின் வாடை தூக்கலா இருந்தா குளோரின் நெறைய போட்டிருக்காங்க, சுத்தமா இருக்குன்னு நெனைக்கறோம், அது தப்பு. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்து குளோரமைன்னு ஒண்ணு உண்டாகுது, கண்ணு எரியறதும் அந்த வாடையும் அதனாலதான். நடுவுல வேற ஒரு பூலுக்கு ஒரு மாசம் போனேன், யாரும் குளிக்காமயே இறங்குவாங்க, மே மாசக் கூட்டத்துல கண்ணு சிவந்து இருமலே வந்துடுச்சு. தயவு செஞ்சு இறங்கறதுக்கு முன்ன ஒரு நிமிஷம் ஷவர்ல நில்லுங்க, இதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு, படிச்சவங்களே செய்ய மாட்டேங்கறாங்க. அப்பறம் காதுல தண்ணி போனா தலையச் சாய்ச்சு வடிய விடுங்க, பட்ஸ் விட்டுக் குடையாதீங்க. நான் குடைஞ்சு சீழ் பிடிச்சு மூணு வாரம் தண்ணில இறங்க முடியாம உக்காந்திருந்தேன்.

லேன்ல, அதாவது கயிறு கட்டிப் பிரிச்சிருக்கற ஒரு பாதைல, ரெண்டு மூணு பேர் இருந்தா ஒரே பக்கமா சுத்தி வரணும், போற பக்கம் வேற வர்ற பக்கம் வேற, எந்தப் பக்கம்னு அங்க இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. மூச்சு வாங்கினா நடுவுல நிக்காம சுவரு வரைக்கும் வந்து மூலைல ஒதுங்கி நில்லுங்க, வேகமா வர்றவங்க போகட்டும். நாம மெதுவா போறோம்னு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, குறுக்க நின்னாத்தான் கோவம் வரும்.

சேரும்போது போட்டோ, ஆதார் நகல், சில எடத்துல டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கேப்பாங்க, கையோட கொண்டு போங்க. முடிஞ்சா மார்ச்சுக்குள்ள சேந்துடுங்க, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் சம்மர் கேம்ப் புள்ளைங்களால பூல் நெறைஞ்சுடும், நேரா ஒரு லேப் போக முடியாது. காலைல முதல் பேட்ச் கேளுங்க, தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், ஆனா லேன் காலியா இருக்கும். முதல் வாரம் அந்த முனகல் மட்டும் செஞ்சு பாத்துட்டு எத்தன மீட்டர் போனீங்கன்னு கமென்ட்ல எழுதுங்க, நான் பாப்பேன்.