மூல நிரலைக் கொடுத்துவிட்டு எதை விற்பது?

கேள்வி: இணையத்தில் மெய்நிகர் உலகம் ஒன்றை நடத்தும் நிறுவனம், தன் மென்பொருளின் மூல நிரலை (அதை எழுதிய நிரல் வரிகளை) எல்லோருக்கும் திறந்துவிட்டால், பிறகு எதை விற்றுப் பிழைக்கும்?

பதில்: இது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்தான். 2003-இல் ‘செகண்ட் லைஃப்’ உலகைத் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம், அந்த உலகைத் திரையில் காட்டுவதற்காகப் பயனர்கள் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளும் ‘வியூவர்’ மென்பொருளின் மூல நிரலை 2007 ஜனவரியில் ஜி.பி.எல். என்னும் திறமூல உரிமத்தின்கீழ் (எவரும் பார்த்து, மாற்றி, பகிரலாம்) வெளியிட்டது, உலகை இயக்கும் சர்வர் மென்பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த வியூவர் அதற்கு முன்பும் இலவசமாகவே கிடைத்துவந்தது. மெய்நிகர் நிலத்துக்கான மாதக் கட்டணமும் அந்த உலகின் நாணயத்தை மாற்றும்போது பிடிக்கும் தரகுமே முக்கிய வருமானம் என்பதால், நிறுவனத்துக்கு இதில் பெரிய இழப்பு இல்லை. மாறாக, தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஃபயர்ஸ்டார்ம்’ போன்ற வியூவர்கள் அந்த உலகுக்கே ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. தாராள மனம் என்பதைவிட நல்ல கணக்கு என்றே இதைச் சொல்வேன்.

கேள்வி: சர்வரையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2007-இல் உருவான ‘ஓப்பன்சிமுலேட்டர்’, பி.எஸ்.டி. என்னும் கட்டுப்பாடு குறைந்த உரிமத்தில் கிடைக்கும் திறமூல சர்வர். அதை எவரும் தம் கணினியிலேயே நிறுவி ஓர் உலகை நடத்தலாம். ‘ஹைப்பர்கிரிட்’ என்னும் வசதியின் மூலம் ஒருவருடைய உலகிலிருந்து இன்னொருவருடைய உலகுக்குச் சென்றுவரவும் முடியும். இந்த நிலையில் நிலம் அரிய பொருளாக இருக்காது. அதை வாடகைக்கு விடும் தொழில் வெறும் சர்வர் வாடகையின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதைவிடக் கடினமானது, அந்த உலகுக்குள் ஆடைகளும் வீடுகளும் செய்து விற்பவர்களின் நிலை. ஒரு பொருளை நகலெடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் காப்பது சர்வர்தான். சர்வரின் உரிமையாளர் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம். திறமூலத்தின் மீது மட்டும் பழி போடுவதும் சரியாகாது. வியூவர் திறக்கப்படுவதற்கு முன்பே, 2006-இல், பிறர் பொருள்களை நகலெடுக்கும் ‘காப்பிபாட்’ என்ற நிரல் செகண்ட் லைஃப் வணிகர்களைக் கலங்கடித்தது. திரையில் வரையப்பட வேண்டிய வடிவமும் மேற்பரப்புப் படமும் பயனரின் கணினிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால், அவற்றை நகலெடுப்பதை முற்றிலும் தடுக்க இயலாது. பொருள்களை இயக்குபவையும் சர்வரிலேயே இயங்குபவையுமான ஸ்கிரிப்ட்கள் (சிறு நிரல்கள்) மட்டும் அந்த வழியில் களவு போவதில்லை. ஆகவே, வெறும் உருவத்தை விற்பவரைவிட, பொருளுக்கு இயக்கத்தையும் தொடர்ந்த பராமரிப்பையும் சேர்த்து விற்பவரே இந்தத் தொழிலில் நிலைப்பார் என்பது என் கணிப்பு.

கேள்வி: நிறுவனம் கடையை மூடிவிட்டால் நாம் கட்டியவை என்ன ஆகும்?

பதில்: மெய்நிகர் அறைகள் அமைக்க உதவிய கூகுளின் ‘லைவ்லி’ 2008 ஜூலையில் திறந்து அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது; அதோடு அந்த அறைகளும் போயின. மொசில்லா 2024 மே மாத இறுதியில் ‘ஹப்ஸ்’ என்னும் மெய்நிகர் சந்திப்பு அறைச் சேவையை நிறுத்தியபோதோ, அதன் நிரல் திறமூலமாக இருந்ததால், விரும்பியவர்கள் அதைத் தங்கள் சர்வரில் தொடர்ந்து நடத்த முடிந்தது. பயிற்சிக்கோ கூட்டங்களுக்கோ மெய்நிகர் அரங்கம் அமைக்க நினைக்கும் நிறுவனங்கள் மாதக் கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது. நிரல் கையில் இருந்தால் மட்டும் போதாது. கட்டிய பொருள்களைப் பொது வடிவத்தில் தரவிறக்கிக்கொள்ள முடியுமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.