இசை படிக்க வெளிநாடு போகலாமா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இணுவிலில் வசிக்கிறேன். சிறுவயதிலிருந்து வயலின் கற்று வருகிறேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் சித்தியடைந்திருக்கிறேன். பாடசாலையின் மேற்கத்தேய இசைக்குழுவிலும் வாசித்ததால், லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் பரீட்சையில் ஆறாம் தரம் வரை வந்தேன். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு ஏ சித்தி கிடைத்திருக்கிறது.

லண்டனில் இருக்கும் சித்தப்பா, அங்கே வந்து இசை ஆற்றுகையில் பட்டம் படிக்கச் சொல்கிறார். கோயில்களிலும் அரங்கேற்றங்களிலும் வாசித்தே செலவைச் சமாளித்துவிடலாமாம். இங்குள்ள முகவர் ஒருவர், எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, விசா கிடைப்பதுதான் முக்கியம் என்கிறார். அம்மா, மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தால் போதும் என்கிறார். எனக்குக் கச்சேரி வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. என் வாசிப்பின் இரண்டு பதிவுகளை இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று சொல்வீர்களா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள பிள்ளைக்கு,

இரண்டு பதிவுகளையும் ஆறுதலாக இருந்து கேட்டேன். கரகரப்பிரியா ராக ஆலாபனையில் காந்தார சுரத்தை அவசரப்படாமல் அசைத்து, ரிஷபத்துக்கு இறங்கி, நீண்ட வில்லில் நின்றீர்களே, அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டேன். வில் திரும்பியது காதுக்குத் தெரியவில்லை. கற்பித்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மேற்கத்தேயப் பதிவிலும் பிழை இல்லை, சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் அதில் பாடத்தை ஒப்புவிக்கிறீர்கள். கரகரப்பிரியாவில் பேசுகிறீர்கள்.

சித்தப்பா, முகவர், அம்மா மூவருமே உங்களிடம் இடத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். யாரிடம் படிக்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் முதலில் அதைத்தான் கேட்பேன். ஆற்றுகைப் பட்டத்தின் உயிர், வாரந்தோறும் நீங்களும் ஓர் ஆசிரியரும் மட்டும் ஓர் அறையில் வாத்தியத்தோடு இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அறையில் இருப்பவர் உங்களுடைய இசையை வாசிப்பவராக இல்லையென்றால், கட்டடம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தும் பயன் இல்லை.

பிரித்தானியாவின் இசைக் கல்லூரிகள் மேற்கத்தேயச் செவ்வியல் இசைக்காக உருவானவை. அங்கே வயலினுக்கு விண்ணப்பித்தால், அந்த மரபிலிருந்து தன்மையில் வேறுபட்ட இரண்டு உருப்படிகளையாவது, பெரும்பாலும் பியானோத் துணையோடு வாசித்துக் காட்ட வேண்டும். தாளைப் பார்த்தவுடன் வாசிக்கவும் சொல்லலாம். எட்டாம் தரத்தை நல்ல புள்ளிகளோடு தாண்டிய பிள்ளைகள்தான் அங்கே போட்டிக்கு வருவார்கள். நீங்கள் ஆறாம் தரத்தில் நிற்கிறீர்கள். அந்த இடைவெளியைக் கடக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் கடப்பது கடினம்.

அதைவிடப் பெரிய விடயம் உங்கள் உடம்பு. நீங்கள் சம்மணமிட்டிருந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவர். வாத்தியம் இரண்டு பக்கமும் தாங்கப்பட்டிருப்பதால் உங்கள் இடது கை எந்தப் பாரமும் இல்லாமல் தந்தியில் ஏறி இறங்குகிறது. உங்கள் காந்தாரத்தின் அசைவு அந்தச் சுதந்திரத்திலிருந்துதான் வருகிறது. மேற்கத்தேய முறையில் நின்றுகொண்டு, நாடிக்கும் தோளுக்கும் இடையில் வாத்தியத்தைப் பிடிக்க வேண்டும். தந்திகளின் சுருதி வேறு, விரல் நிற்கும் இடங்கள் வேறு, வில் பிடிக்கும் கையின் கோணம் வேறு. பாடசாலையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறீர்கள் என்பது தெரியும். பட்டப்படிப்பு அப்படி விடாது. தினமும் நான்கைந்து மணி நேரச் சாதகம் ஒரு பக்கத்துக்கே போகும், மற்றப் பக்கம் மெல்ல மெல்லக் கையைவிட்டு நழுவும். எதை விடத் தயார் என்பதை விண்ணப்பத்துக்கு முதலே தீர்மானியுங்கள்.

இசைக் கல்லூரி வேறு, பல்கலைக்கழக இசைத்துறை வேறு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முகவர்கள் இரண்டையும் ஒன்றாகவே காட்டுவார்கள். பல்கலைக்கழக இசைப் பட்டங்கள் பலவற்றில் வரலாறு, ஆய்வு, இசையமைப்பு ஆகியவற்றின் நடுவே வாசிப்பும் ஒரு பாடமாக மட்டும் இருக்கும். அது நல்ல படிப்புத்தான். கச்சேரி வாசிக்க விரும்பும் ஒருவருக்கு அது போதாது. எங்கே விண்ணப்பித்தாலும், வாரத்துக்கு எத்தனை மணி நேரத் தனிப்பாடம், கற்பிப்பவர் யார், வருடத்துக்கு எத்தனை மேடை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

சித்தப்பாவின் கணக்கை நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. அவர் அன்பினால் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராக ஊதியத்துக்கு வேலை செய்யவும் கூடாது. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் கடையிலோ உணவகத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்யலாம். கோயில் திருவிழாவிலோ அரங்கேற்றத்திலோ வாசித்துப் பணம் வாங்கினால் விசா நிபந்தனையை மீறியவராவீர்கள். அது பிடிபட்டால் படிப்பே போய்விடும். எந்த வித்தைக்காகப் போகிறீர்களோ அந்த வித்தையால் ஒரு சதம் உழைக்க முடியாது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பட்டதாரி விசாவில் இந்தத் தடை இல்லை. அதுவரையுள்ள செலவுக்கு வேறு வழி வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு அங்குள்ள இசைக் கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 25,000 ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மீதியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் 28 நாள் குறையாமல் இருந்ததைக் காட்டவும் வேண்டும். இதற்காகக் காணியை ஈடுவைக்கும் யோசனை வீட்டில் இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

இனி உங்கள் கரகரப்பிரியாவுக்கு வருகிறேன். கர்நாடக இசையில் வயலின்காரர் பெரும்பாலும் பக்கவாத்தியமாக, பாடகருக்குத் துணையாக வாசித்துத்தான் கச்சேரிக்காரராக உருவாகிறார். பாடகர் ஒரு வரியை மாற்றிப் பாடும் சங்கதியை எடுக்கும்போது அரை மூச்சுப் பின்னால் அதைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். அவர் நிறுத்தியதும், அவர் சொன்னதைக் கெடுக்காமல் தன் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்தந்த நேரத்தில் சுரங்களைக் கோத்துப் பாடும் கற்பனைச் சுரத்தில் அவர் எந்த இடத்தில் விடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. விட்ட கணத்தில் கை எழும்ப வேண்டும். இதை அறையில் தனியே இருந்து பழக முடியாது. பல பாடகர்களோடு, பல மேடைகளில், தாளம் தவறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயத்தோடு பழக வேண்டும். அதற்குக் கச்சேரி நடந்துகொண்டே இருக்கும் ஊர் வேண்டும். மார்கழியில் சபா சபாவாகக் கேட்கக்கூடிய சென்னையைவிட அதற்குப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அதுவும் வெளிநாட்டுப் படிப்புத்தான். நாம் அப்படி நினைப்பதில்லை, அவ்வளவே. பலாலியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பறந்தால் சென்னை வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத்துறை இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1929 இல் தொடங்கியது. இந்திய அரசின் கலாசார உறவுகளுக்கான பேரவையான ஐ.சி.சி.ஆர். வழங்கும் புலமைப்பரிசில்கள் இசைக்கும் நடனத்துக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரித்து, விண்ணப்பம் கோரும் காலத்தைத் தவறவிடாமல் பாருங்கள். அங்கும் மாணவர் விசாவில் உழைக்க முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உடனே போகச் சொல்ல மாட்டேன். இதில் நான் அம்மாவின் பக்கம். மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கி, 1975 இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்து, இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாகியிருக்கும் இராமநாதன் நுண்கலைக் கழகத்தை நாம் குறைவாக மதிக்கிறோம். மகாராஜபுரம் சந்தானம் முதல்வராக இருந்த இடம் அது. அங்கே கட்டணம் இல்லாமல் நான்கு வருடம் வயலினோடு இருக்கலாம். பட்டம் பெற்ற பலர் ஆசிரியர் நியமனத்துக்குப் போகிறார்கள் என்பது உண்மை, அதைத்தான் நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த நான்கு வருடமும் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. இணுவிலைச் சுற்றி இத்தனை கோயில்கள், இத்தனை நடன அரங்கேற்றங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வாசியுங்கள். தவில், நாதஸ்வரக் கச்சேரிகளை விடாமல் கேளுங்கள். தவிலுக்குத் தட்சிணாமூர்த்தியையும் நாதஸ்வரத்துக்கு அளவெட்டி பத்மநாதனையும் தந்த மண்ணில் லயத்துக்குப் பஞ்சம் இல்லை. பட்டம் முடித்து, பக்கவாத்திய அனுபவத்தோடு சென்னையில் மேற்படிப்புக்கும் ஒரு குருவிடமும் போனால், அந்த அறையில் குருவிடம் கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

மேற்கத்தேய இசைதான் வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், அதையும் மதிக்கிறேன். அப்போது லண்டனை மட்டும் பார்க்க வேண்டாம். ஜேர்மனியின் அரச இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், வேறு சில கல்லூரிகளும் அவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கிவைத்துக் காட்ட வேண்டும், ஜேர்மன் மொழி வேண்டும், நுழைவுத் தேர்வில் இசைக்கோட்பாடும் செவிப்பயிற்சியும் வரும். பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்தால், இசைக் கல்லூரிகளின் முடிவுத் திகதி படிப்புத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்னால், ஒக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு உருப்படிகள் தயாராக இருக்க வேண்டும். இங்கிருந்து பதிவை அனுப்பவும் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. வெட்டி ஒட்டாத ஒரே ஓட்டமாக அது இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன் அதிகாலையில் எடுங்கள்.

முகவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றே நம்புகிறேன். எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி என்று சொல்பவர் உங்களுக்கு இசை படிப்பிக்க நினைக்கவில்லை. நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்காத பட்டத்தோடு திரும்பி வந்தால், இங்கே ஆசிரியர் நியமனம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

மருதனார்மடத்தின் உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு அந்தக் கரகரப்பிரியாவையே வாசியுங்கள்.