இரண்டு மணி வண்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். நான் பம்ப்செட் நிறுவும் வேலையில் இருப்பவன். போன வருடம் மூன்று மாதம் தான்சானியாவில், மொரோகோரோ பக்கம் தங்கியிருந்தேன். நீங்கள் எழுதுவதும் நான் பார்த்ததும் ஒட்டவே இல்லை. இரண்டு மணிக்கு என்று சொன்ன வண்டிக்கு ஒன்றரைக்கே போய் நின்றேன். அது காலையிலேயே போய்விட்டதாம். கடையில் ஒரு ஸ்பேனர் கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார்கள், முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தேன். உதவியாளர் ஓடி வந்து ‘ஸாரி, ஸாரி’ என்கிறார். அவரா தள்ளிவிட்டார்? எதற்கும் அவசரமில்லாத ஜனங்கள் என்றுதான் எனக்குப் பட்டது. நீங்கள் கொஞ்சம் கூட்டி எழுதுகிறீர்களோ?

கே., கோவை

அன்புள்ள கே.,

மனதில் பட்டதை ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. நீங்கள் சொன்ன மூன்றுமே எனக்கும் நடந்தவை. அதனால்தான் விரிவாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் அந்த வண்டி. அது சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறது. உங்களிடம் சொன்னவர் ‘ஸா ம்பிலி’ என்பதை அப்படியே இரண்டு மணி என்று சொல்லியிருப்பார். சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று, எட்டு என்றால் இரண்டு, உச்சிவேளை ஆறு. பொழுது சாய்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து மண் அது. வருடம் முழுக்கச் சூரியன் எழுகிற நேரம் பெரிதாக முன்பின் போகாது. அங்கே விடியலிலிருந்து எண்ணுவது எவ்வளவு இயல்பான கணக்கு! நம் ஜாதகத்தில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுகிறார்களே, அதுவும் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதுதான்.

தான்சானியாவில் மோஷி என்கிற ஊரில் டிக்கெட் எழுதிய இளைஞரின் கைபேசியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையில் 10:30. என்னிடம் வாயால் சொன்னது நான்கரை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான், எந்தக் குழப்பமும் இல்லை. முள் கடிகாரம் கட்டியிருந்தால் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்துவிடலாம். எத்தியோப்பியாவிலும் மணிக்கணக்கு இப்படித்தான். அங்கே வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு பிறந்ததே நம் காலண்டரில் 2007 செப்டம்பர் 12 அன்று.

அப்புறம் கடை. நீங்கள் ஸ்பேனர் கேட்டபோது கடைக்காரர் காத்திருந்தது உங்கள் வணக்கத்துக்காக. ‘ஹபாரி’ என்று ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் எப்படி, வேலை எப்படி, காலைப்பொழுது எப்படி என்று இரண்டு மூன்று சுற்றுப் போகும். உடம்பு முடியாமல் இருந்தாலும் முதல் பதில் ‘ந்ஸூரி’, அதாவது நல்லபடி. சங்கடத்தை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். வயதில் மூத்தவரென்றால் ‘ஷிகமோ’ சொல்ல வேண்டும். ‘உங்கள் கால்களைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அவர் ‘மராஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிற நமக்கு இது புரியாத விஷயமா? இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சாமானின் பெயரைச் சொன்னால், அந்த ஆளை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். நானும் முதல் வாரம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அந்த ‘ஸாரி’தான் எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது. அவர் மனதில் இருந்த சொல் ‘போலே’. அதை ஆங்கிலமாக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதில் மன்னிப்பு இல்லை. உன் வலி எனக்குத் தெரிகிறது என்கிற சொல் அது. நம் ‘அச்சச்சோ’ பக்கத்தில் வரும், ஆனால் அது பதறுவதோடு நின்றுவிடும். ‘போலே’ பக்கத்தில் வந்து உட்காரும். தூரத்திலிருந்து வந்தவருக்கு ‘போலே நா ஸஃபாரி’: பயணத்தில் களைத்திருப்பீர்கள். வெயிலில் வேலை செய்கிறவரைக் கடந்து போகும்போது ‘போலே நா காஸி’. துக்க வீட்டிலும் இதே சொல்தான். (‘போலே போலே’ என்று இரட்டித்தால் மெதுவாக என்று பொருள் மாறிவிடும். கிளிமாஞ்சாரோ ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே வருவது அது.)

மோஷியில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மெல்ல வெளியே வந்தேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமா ஜுமா நிமிர்ந்து பார்த்தார். மாமா என்றால் அங்கே அம்மா; தலைப்பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் தாயைக் கூப்பிடுவார்கள். ஈரக் கையைக் ‘காங்கா’ என்கிற சுற்றுத்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் வலது கையைப் பிடித்தபடி ‘போலே ஸானா’ என்றார். கையை உடனே விடவில்லை. வேறெதுவும் பேசவுமில்லை. பிறகு போய்க் கீரையை எடுத்துக்கொண்டார். அன்று எதிரே வந்த அத்தனை பேரும், பெயர் தெரியாத வாழைப்பழக்காரர்கூட, அதையே சொன்னார்கள். ஊரில் இருந்திருந்தால்கூட இத்தனை பேர் விசாரித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

‘எதற்கும் அவசரமில்லாத ஜனங்கள்’ என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, கே. நம் ஊரில் யுபிஐ வந்தது 2016இல். பக்கத்து நாடான கென்யாவில் எம்-பெசா 2007இலேயே வந்துவிட்டது, சாதாரண பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம். வேகம் அவர்களுக்குத் தெரியாததல்ல. வணக்கத்தை வேகப்படுத்த அவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, நீங்கள் பார்த்ததும் நான் பார்த்ததும் ஆப்பிரிக்காவின் 54 நாடுகளில் ஓரிரண்டுதான். தான்சானியாவுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இருக்கின்றன. அடுத்த நாடான ருவாண்டாவில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் கடைகளை மூடிவிட்டு ஊரே பொது வேலைக்கு இறங்கும். அங்கே போனால் வேறு பாடம்.

மறுபடி மொரோகோரோ போவீர்கள் என்று நினைக்கிறேன். வண்டி நேரம் கேட்கும்போது காலையா, இரவா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கடையில் பெரியவர் இருந்தால் முதலில் ஒரு ‘ஷிகமோ’. அவர் ‘மராஹபா’ சொல்லட்டும், வீட்டாரை விசாரிக்கட்டும். அப்புறம் ஸ்பேனர் கேளுங்கள்.

அந்த உதவியாளரைப் பார்த்தால் என் அன்பையும் சொல்லுங்கள். ஏணியிலிருந்து விழுந்த அடி இப்போது எப்படி இருக்கிறது? போலே ஸானா.