தாயைச் சார்ந்திருக்கும் சிசு தனி உயிரா?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், 19 வாரம் நடக்கிறது. ஸ்கேனில் சிசுவின் இதயத் துடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்ன மருத்துவர், இப்போதே பிறந்துவிட்டால் பிழைக்காது என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தாயையே நம்பியிருப்பதால், பிறக்கும்வரை அதற்கென்று உயிர் கிடையாது என்கிறார் உறவினர் ஒருவர். எதை நம்புவது?

பதில்: மருத்துவர் சொன்ன இரண்டுமே சரி, அவை ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல. உங்கள் உறவினர் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் கருதிவிட்டார். ஆக்சிஜனும் உணவும் எங்கிருந்து வருகின்றன என்பது ஒரு கேள்வி. வந்ததைக் கொண்டு அந்த உடல் தானாக என்ன செய்கிறது என்பது மற்றொன்று. உயிர் இருக்கிறதா என்பதற்கான விடை இரண்டாவதில்தான் கிடைக்கும்.

தாயின் ரத்தம் அப்படியே சிசுவின் உடலுக்குள் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நஞ்சுக்கொடியில் இருவரது ரத்தமும் மெல்லிய திசுவின் இரு பக்கங்களிலும் தனித்தனியே ஓடுகின்றன. அத்திசுவின் வழியாக ஆக்சிஜனும் சத்துகளும் ஒரு பக்கமும் கழிவுகள் மறுபக்கமும் கடந்து செல்கின்றன. சிசுவின் ரத்தத்தைச் சிசுவே உற்பத்தி செய்கிறது. அதைச் சுற்றவைப்பதும், கருத்தரித்து ஏறத்தாழ 22 நாட்களில் துடிக்கத் தொடங்கிவிட்ட அதன் சொந்த இதயம்தான். அதன் ரத்த வகை தாயினுடையதிலிருந்து வேறாக இருக்கலாம். தாய் ஆர்எச் நெகட்டிவாகவும் சிசு பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் எதிர்ப்புச் சக்தி சிசுவின் சிவப்பணுக்களை அந்நியமாகக் கருதித் தாக்கவும் கூடும் என்பதாலேயே ஆன்டி-டி ஊசி போடுகிறோம். தாயின் சொந்த உறுப்பு எதற்கும் இப்படி வேறொரு ரத்த வகை இருப்பதில்லை. அதுமட்டுமல்ல, கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு காட்டும் ஹெச்.சி.ஜி ஹார்மோன் கருவிலிருந்து உருவாகும் திசு சுரப்பது. மாதவிடாயைத் தள்ளிவைத்துத் தன் இருப்பிடத்தைக் காத்துக்கொள்ளத் தாயின் உடலுக்கு முதல் சமிக்ஞையை அனுப்பியது உங்கள் கருவேதான்.

இதைவிட வலுவான சான்று, வருத்தம் தருவதாக இருந்தாலும், இறப்பிலிருந்து கிடைக்கிறது. சிசுவுக்கு இருப்பது தாயின் உயிர் மட்டுமே என்றால், தாய் நலமாக இருக்கும்வரை அது இறக்கவே முடியாது. ஆனால் தாய்க்கு எந்தக் குறையும் தோன்றாத நிலையில், தொப்புள்கொடி இணைப்பும் அப்படியே இருக்க, இதயத் துடிப்பு நின்றுபோன சிசுக்களை ஸ்கேனில் பார்க்கும் துயரம் எங்கள் துறையில் அரிதல்ல. இரட்டைக் குழந்தைகளில் ஒன்று கருப்பையிலேயே இறந்து, மற்றொன்று வளர்ந்து நலமாகப் பிறப்பதுண்டு. இரண்டுமே ஒரே தாயைத்தான் சார்ந்திருந்தன. மறுபுறம், தாயின் இதயம் நின்றுவிட்ட பிறகும் சிசு சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் முதிர்ந்த கர்ப்பத்தில் அப்படி நேர்ந்து, உயிர்மீட்பு முயற்சி உடனே பலன் தராவிட்டால், 5 நிமிடங்களுக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட முயல்கிறோம்.

அப்படியானால் 19 வாரத்தில் பிறந்தால் ஏன் பிழைக்காது? நுரையீரலில் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கக்கூடிய நுண்ணறைகள் அப்போது உருவாகியிருக்காது. கருப்பைக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி செய்வதால், நுண்ணறைகள் இல்லாதது அங்கே ஒரு குறையே அல்ல. வெளியே பிழைக்கும் எல்லை சிசுவை மட்டும் பொறுத்ததும் அல்ல. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-இல் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமையால் இரண்டு நாட்களுக்குள் இறந்தான். நுரையீரல் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து முதன்முதலாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு வெற்றிகரமாகப் பயன்பட்டதாக ஜப்பானிய மருத்துவர்கள் 1980-இல் அறிவித்தார்கள். இன்று, தீவிர சிகிச்சை வசதியுள்ள இடங்களில் 22 முதல் 24 வாரங்களில் பிறப்பவர்களிலும் சிலர் பிழைக்கிறார்கள். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனையில் உயிருள்ள சிசு, அது இல்லாத மருத்துவமனையில் உயிரற்றதாகிவிடுமா? இந்த எல்லை மருத்துவத்தின் கைக்கு எட்டும் தூரத்தை அளக்கிறது. சிசுவிடம் உயிர் இருக்கிறதா என்பதை அளக்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிசு உயிருள்ளது என்பது உயிரியல் உண்மை. அதற்கு என்னென்ன உரிமைகள் உண்டு, தாயின் உடல்மீதான முடிவை யார் எடுப்பது என்பவை அறமும் சட்டமும் எடைபோட வேண்டியவை; அந்த விவாதத்தில் எந்தத் தரப்பும், சார்ந்திருப்பதால் உயிரில்லை என்றோ, உயிருள்ளது என்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றோ உயிரியலைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்பது என் கருத்து.

உங்களைப் பொறுத்தவரை இப்போது நம்ப வேண்டியது ஸ்கேனில் தெரிந்த துடிப்பை. முதல் கர்ப்பத்தில் சிசுவின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில்தான் உணரத் தொடங்கும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் இருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆகவே, இதுவரை அசைவு தெரியவில்லை என்றால் கலங்க வேண்டாம். 24 வாரம் ஆகியும் உணரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசைவுகள் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு, குறிப்பாக 28 வாரத்துக்குப் பின், வழக்கத்தைவிடக் குறைந்தாலோ நின்றாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.