கேள்வியிலிருந்து தொடங்கும் கணக்கு

கேள்வி: அமெரிக்காவிலுள்ள யூதப் பள்ளிகள் சிலவற்றில், சூத்திரத்தை முதலில் சொல்லித் தராமல், மாணவர்களே தேடிக் கண்டடையும் வகையில் கணிதம் கற்பிக்கிறார்களாம். சமயப் பாடமும் அங்கேயே நடப்பதால் இம்முறைக்குத் தனித்தன்மை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அப்பள்ளிகளில் பொதுப் பாடங்களோடு எபிரேய மொழி, தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்), தல்மூத் (யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பு) ஆகியவையும் அன்றாடம் நடக்கின்றன. தல்மூத்தை இருவர் இருவராக அமர்ந்து உரக்கப் படித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துப் பார்த்துக் கற்பது நெடுங்கால வழக்கம். இதற்கு ஹவ்ரூத்தா என்று பெயர். "ஏன் அப்படி?" என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் கணக்கு வகுப்பில் மட்டும் வாய்மூடி விடையை எழுதிக்கொள்வதுதான் பொருந்தாத செயல்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சாலொமோன் மன்னர் எருசலேமில் கட்டிய ஆலயத்தில் இருந்த 'கடல்' என்னும் வட்டமான வெண்கலத் தொட்டி, விளிம்புக்கு விளிம்பு 10 முழம், சுற்றளவு 30 முழம் என்கிறது விவிலியத்தின் முதலாம் இராஜாக்கள் நூல் (7:23). சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் விகிதமே 'பை'. ஆசிரியர் அந்தச் சொல்லையே எடுக்காமல், தட்டுகளையும் டப்பா மூடிகளையும் நூலையும் கொடுத்து அளக்கச் சொல்லலாம். எந்த மூடியை அளந்தாலும் சுற்றளவு விட்டத்தின் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும். அப்படியானால் வசனம் தவறா? மூன்று வசனம் தள்ளி, தொட்டிச் சுவரின் தடிமன் ஒரு கையகலம் என்று வருகிறது. முழத்துக்கு ஆறு கையகலம் என்று கொண்டு, விட்டத்தை வெளிப்புறமும் சுற்றளவை உட்புறமும் அளந்ததாக வைத்தால், சுற்றளவு 180 கையகலம்; விட்டம் 60-லிருந்து இருபுறச் சுவரையும் கழித்து 58 கையகலம். ஆக 180-ஐ 58-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 3.10. அது நெருங்கி வருகிறதே தவிரப் பொருந்தவில்லை. விளிம்பைப் பற்றிய இதே ஐயத்தைத் தல்மூத்தின் எருவின் பகுதியும் எழுப்புகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ், சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள இவ்விகிதத்தைத் துல்லியமாக அறியவே இயலாது, தோராயமாக மூன்றும் ஏழில் ஒன்றும் என்று எழுதிவைத்தார். பிள்ளைகள் நூலைப் பிடித்துத் திண்டாடிய பிறகு இதைப் படித்தால்தான் அந்த வரியின் கனம் புரியும்.

கேள்வி: எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நேரம் ஏது? வாய்ப்பாடு என்ன ஆகும்?

பதில்: இரு பாடத்திட்டங்களோடு, வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கும் யூத ஓய்வுநாளுக்கு முன் வீடு சேர வெள்ளிக்கிழமை முன்னதாகவே பள்ளி முடிவதும் சேர்ந்துகொள்வதால் நேரம் குறைவுதான். ஆகவே தேடலுக்கு உகந்த சில கேள்விகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டச் சொல்வது வெறும் கூட்டல் பயிற்சி. சமய வாசனை இருப்பதாலேயே அது தேடலாகிவிடாது. மாறாக, முதல் இரவு ஒன்று, அடுத்த இரவு இரண்டு என்று நாளுக்கொன்று கூட்டி மெழுகுவர்த்தி ஏற்றும் ஹனுக்கா என்னும் யூதப் பண்டிகையின் எட்டு இரவுகளுக்கும், ஒவ்வோர் இரவும் மற்றவற்றை ஏற்றப் பயன்படும் துணை மெழுகுவர்த்தியையும் சேர்த்து, மொத்தம் எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 2 முதல் 9 வரை கூட்டினால் 44. 2-ஐயும் 9-ஐயும், 3-ஐயும் 8-ஐயும் இணைத்தால் நான்கு பதினொன்றுகள் வருவதை யாராவது ஒரு பிள்ளை கவனிக்கும். பண்டிகை ஒன்பது இரவுகளாக இருந்தால், இணையில்லாமல் நடுவில் நிற்கும் 6-ஐ என்ன செய்வது? இங்கே ஆசிரியர் விடையைச் சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும். இம்முறையில் கடினமான வேலை அதுதான்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 180-ஐ 58-ஆல் வகுக்கத் தடுமாறும் மாணவனுக்கு விளிம்பைப் பற்றிய விவாதத்தில் மனம் செல்லாது.