65 மீட்டர் கேரி மரம்: ஏறும் முன் இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, ஊர் கோவை. டிசம்பரில் பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பெம்பர்ட்டன் பக்கம் 65 மீட்டர் உயர மரத்தில் கயிறு, பெல்ட் எதுவும் இல்லாமல் ஏறலாம் என்கிறார்கள். எனக்கு உயரம் என்றாலே பயம். அதனாலேயே ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். எப்படித் தயாராவது?

பதில்: நீங்கள் சொல்வது வாரன் தேசியப் பூங்காவில் இருக்கும் டேவ் எவன்ஸ் பைசென்டெனியல் மரம். கேரி என்பது நம் ஊர் தைல மரத்தின் இனம்தான், ஆனால் 80 மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. காட்டுத்தீயைக் கண்காணிக்க 1937 முதல் 1952 வரை அந்த வட்டாரத்தில் எட்டு மரங்களின் உச்சியில் கூண்டு கட்டினார்கள். அடிமரத்தைச் சுற்றி இரும்புக் கம்பிகளை அறைந்து, அதையே ஏணியாக்கினார்கள். 1988-ல் சுற்றுலாப் பயணிகளுக்காக உங்கள் மரத்திலும் அதே முறையில் கம்பி அடித்தார்கள். அதாவது, தினமும் ஏறிப் பழகிய வனத் தொழிலாளிக்காக உருவான ஏணி அது. அதில் முதல்முறையாகக் கால் வைக்கப்போகிறீர்கள்.

டிக்கெட் போடும் முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இவை வயதான மரங்கள். பரிசோதனைக்காகவும் பழுதுக்காகவும் ஏறுவதை நிறுத்தி வைப்பதுண்டு. டிசம்பர் அங்கே கோடை. காட்டுத்தீ அபாயம் கூடினால் பூங்காவையே மூடிவிடுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். பெர்த்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் ஏமாறக் கூடாது.

சரி, திறந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 65 மீட்டருக்குச் சுமார் 165 கம்பிகள். கணக்குப் போட்டால் ஒவ்வொரு கம்பிக்கும் சுமார் 40 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். வீட்டு மாடிப்படியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏறுவதற்குத் தொடை பலம் இருந்தால் போதும், பெரும்பாலானவர்களால் முடியும். சிக்கல் வருவது இறங்கும்போதுதான். களைத்த காலை, கண்ணுக்குத் தெரியாத கம்பியைத் தேடிக் கீழே விட வேண்டும். கம்பிகளுக்கு நடுவே தரை தெரியும். அந்த நேரத்தில் பயந்தவர் செய்யும் முதல் காரியம் கம்பியை இறுக்கிப் பிடிப்பது. தேவைக்கு மேல் இறுக்கினால் முன்கைத் தசைக்கு ரத்தம் போவது குறைகிறது. சில நிமிடங்களில் விரல் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது. கூடவே கால் தையல் மிஷின் மாதிரி அடிக்கத் தொடங்கும்.

ஆகவே பயிற்சியில் முக்கால் பங்கு இறங்குவதற்கு இருக்கட்டும். உறுதியான 40 சென்டிமீட்டர் மேடையில் ஏறி, பின்பக்கமாக மெதுவாக, சத்தமில்லாமல் கால் வைத்து இறங்குங்கள். ஒரு காலுக்கு 80 முறை வரை கொண்டுவர இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கயிற்றுப் பாதுகாப்போடு கற்றுத்தரும் செயற்கைச் சுவர்ப் பயிற்சிக்கூடத்துக்குச் சில முறை போய்வாருங்கள். அங்கே கேட்டுப் பழக வேண்டியது இரண்டுதான்: விரலைத் தளர்த்திப் பிடிப்பது, இரண்டு கை இரண்டு காலில் எப்போதும் மூன்று ஊன்றியிருப்பது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் தனியாகப் பழகவே வேண்டாம்.

உயரத்தில் தலை கிறுகிறுப்பதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். நாம் நேராக நிற்கக் கண்ணும் உதவுகிறது. அருகில் நிலையான பொருள் எதுவும் இல்லையென்றால் அந்த உதவி போய், உடம்பு ஆடத் தொடங்கும். மரத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: அடிமரம் முகத்துக்கு நேரேயே இருக்கும். அதன் பட்டையையும் அடுத்த கம்பியையும் மட்டும் பாருங்கள்.

ரத்த அழுத்த விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கையை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். சில மாத்திரைகள் தலைசுற்றலைத் தரும், சில இதயத் துடிப்பை ஏற விடாது. மருத்துவரிடம் "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கயிறில்லாமல் 65 மீட்டர் ஏறி இறங்கப் போவதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அண்மையில் தலைசுற்றலோ வலிப்போ வந்திருந்தாலும் அப்படித்தான்.

போகும் நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் ஒரே கம்பிதான், நடுவில் விலகி வழிவிடுவது சிரமம். மழையோ காற்றோ இருந்தால் ஏற வேண்டாம், ஈரக் கம்பி வழுக்கும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள், போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள். முதல் பத்துக் கம்பி ஏறி, இறங்கிப் பாருங்கள். அது சுகமாக இருந்தால் 25 மீட்டரில் இருக்கும் இடைத்தளம் வரை போங்கள். அன்றைய இலக்கே அதுதான் என்று கீழே நிற்கும்போதே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று, விரல் நடுங்காமல், நிதானமாகப் பேச முடிகிறதென்றால் மட்டும் மேலே போகலாம். மனம் படபடத்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கை தளர்ந்தால் உடனே இறங்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் இரண்டு மாதப் பயிற்சி.

மரம் மூடியிருந்தால் தெற்கே வால்போல் பக்கம் போங்கள். டிங்கிள் மரங்களுக்கு நடுவே 600 மீட்டர் நீளப் பாலம் ஒன்று தரையிலிருந்து 40 மீட்டர் உயரம் வரை போகிறது. இருபுறமும் கைப்பிடி உண்டு, ஆனாலும் லேசாக ஆடும். உயரத்துக்குப் பயப்படுபவருக்கு முதல் பாடமாக நானே அதைத்தான் சொல்வேன். மரம் திறந்திருந்தாலும் முடிந்தால் முந்தின நாள் அங்கே நடந்துவிட்டு வாருங்கள்.