பழைய மதர்போர்டில் பயாஸ் புதுப்பித்தல்: கேள்வி பதில்

கேள்வி: கணினி குறையின்றி ஓடுகிறது. பயாஸின் (கணினியை எழுப்பும், போர்டின் சிப்பிலேயே இருக்கும் மென்பொருள்) புதிய பதிப்பு வந்துள்ளது. ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். புதிய பிராசசரைப் பொருத்த வேண்டும் அல்லது உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு கோளாறு அப்பதிப்பில் சரிசெய்யப்பட்டுள்ளது என்றால் மட்டுமே பயாஸைத் தொடலாம். பாதுகாப்புத் திருத்தமும் நல்ல காரணம்தான். ஆனால் 2018இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் போன்ற பிராசசர் குறைகளுக்கான மைக்ரோகோடை (பிராசசரின் உள்நிரல் திருத்தம்) விண்டோஸும் லினக்ஸும் தாமே ஏற்றுவது உண்டு என்பதால், அது ஏற்கெனவே ஏறியுள்ளதா என முதலில் பாருங்கள்.

கேள்வி: மாடல் பெயர் ஒன்றே, ஆனால் ரிவிஷன் (போர்டின் திருத்தப் பதிப்பு) 1.0, 2.0 என இரு கோப்புகள் உள்ளன.

பதில்: போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணுக்கு உரியது மட்டுமே உங்களுடையது.

கேள்வி: விண்டோஸிலிருந்தே ஏற்றலாமா?

பதில்: கூடாது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் கோப்பை வைத்து, ஓவர்கிளாக்கை (வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) நீக்கிவிட்டு, பயாஸுக்குள் இருக்கும் கருவியால் ஏற்றுங்கள்.

கேள்வி: வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். லேப்டாப் நிறுவனங்களே விண்டோஸ் வழியாகத்தானே தருகின்றன?

பதில்: அங்கே விண்டோஸ் பெரும்பாலும் கோப்பை ஒப்படைப்பதோடு சரி, சிப்பில் எழுதும் வேலை, கணினி மீண்டும் தொடங்கிய பிறகு ஃபர்ம்வேரின், அதாவது பயாஸின், பொறுப்பில் நடக்கிறது. பழைய மேசைக்கணினி போர்டுகளுக்கான மென்பொருள்களோ, ஆன்டிவைரஸும் டிரைவர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பை அழித்து எழுதுபவை. அந்த நேரத்தில் நீலத்திரை விழுந்தால், பாதி எழுதிய சிப்தான் மிஞ்சும்.

கேள்வி: எனக்குப் பலமுறை சரியாகத்தான் முடிந்தது.

பதில்: மகிழ்ச்சி. முடியாதவர்கள்தான் அடுத்த கேள்வியோடு வருகிறார்கள்.

கேள்வி: பாதியில் மின்சாரம் போய்விட்டது. திரை கருப்பாகவே இருக்கிறது. போர்டை எறிந்துவிடவா?

பதில்: பொறுங்கள். இரட்டை பயாஸ் உள்ள போர்டு என்றால் மாற்றுச் சிப்பிலிருந்து எழ வாய்ப்புண்டு. பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து எழுதும் ஃபிளாஷ்பேக் வசதி இருந்தால் இன்னும் எளிது. இரண்டும் இல்லையெனில், எட்டுக்கால் பயாஸ் சிப்பில் கிளிப்பை மாட்டி, சிஎச்341ஏ போன்ற புரோகிராமர் கருவியால் எழுதலாம். சிப்பின் எண்ணை வைத்து அதன் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதிசெய்த பிறகே இணையுங்கள். எழுதுமுன் பழைய உள்ளடக்கத்தை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருப்பதைப் பார்த்துச் சேமியுங்கள். பல போர்டுகளில் நெட்வொர்க் மேக் முகவரியும் வரிசை எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த முறை யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் போர்டுக்கு எந்தக் கோப்பு? மாடல் பெயர் மட்டும் தெரியும்.

பதில்: ரிவிஷன் எண். இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நண்பரின் போர்டும் இதே மாடல். அவருடைய கோப்பு போதாதா?

பதில்: ரிவிஷன் எண்!

கேள்வி: புதுப்பித்த பின் விண்டோஸ் எழவில்லை.

பதில்: அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். சாட்டா முறையை (வட்டு இணையும் விதம்) முன்பிருந்தபடி ஏஎச்சிஐ, ஐடிஇ, ரெய்டு ஆகியவற்றில் எதுவோ அதற்கே மாற்றுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவி கேட்டால், அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். புதுப்பிக்குமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தால் கேட்டிருக்காது.